வேதம் எந்தத் தமிழில்?

தெரணியகலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு தோட்டக் கதை வருகிறது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய், நாட்சம்பளம் பேசி ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் மூன்று மணிக்கும் திரும்பத் திரும்பப் போகிறார். பொழுது சாயும் வேளையில், வேலை கொடுப்பாரின்றிச் சும்மா நின்றவர்களையும் அழைத்து வருகிறார். மாலையில் தம் காரியக்காரனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் ஒரே சம்பளம் கொடுக்கச் சொல்கிறார். காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுக்கிற நேரத்தில் கணக்கப்பிள்ளையின் பேனா எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நின்றவர்களுக்கு இந்தக் கதையில் விளக்கவேண்டியது ஒன்றுமில்லை. காரியக்காரன் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் கங்காணியின் முகம் வந்து நிற்கும். சீத்தாவக்கை ஆற்றின் இரு கரையிலும் தேயிலையும் றப்பரும் நிற்கும் இந்த மலைகளில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் ஒரே கேட்பில் விளங்கக்கூடிய தமிழ் அது. அந்தத் தமிழ் அமைய மூன்று நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதற்காக உழைத்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெயரில்லாமல் போய்விட்டார்கள். இந்த உரை அவர்களைப் பற்றியது.

முதலில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வெள்ளைக்காரர்கள் பிறக்கும்போதே கையில் வேதப்புத்தகத்தோடு பிறந்தவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. உண்மை அப்படியில்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒக்ஸ்போர்ட் அறிஞர் ஜோன் விக்ளிஃபும் அவரைச் சேர்ந்தவர்களும் லத்தீன் வேதத்தை ஆங்கிலமாக்கிக் கையெழுத்துப் பிரதிகளாகப் பரப்பினார்கள். அனுமதியில்லாமல் எவரும் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கக் கூடாது என்று 1409இல் இங்கிலாந்துத் திருச்சபை விதி செய்தது. விக்ளிஃப் 1384இலேயே இறந்துவிட்டார். ஆனாலும் 1428இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

அடுத்து வந்தவர் வில்லியம் டின்டேல். ஏர் பிடிக்கிற பையனும் வேதத்தை அறியும்படி செய்வேன் என்று குரு ஒருவரிடம் சபதம் செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இங்கிலாந்தில் இடம் கிடைக்காமல் ஜெர்மனிக்குப் போனார். 1526இல் வோர்ம்ஸ் நகரில் அவருடைய ஆங்கிலப் புதிய ஏற்பாடு அச்சாகியது. துணிப் பொதிகளுக்குள் மறைத்து அதை இங்கிலாந்துக்குக் கடத்தினார்கள். லண்டன் ஆயர் கிடைத்த பிரதிகளை எல்லாம் எரித்தார். 1536இல் பிரசல்ஸ் அருகே வில்வோர்டில் டின்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். மூன்றே ஆண்டில், 1539இல், ஆங்கில வேதம் ஒன்று அரசாணையுடன் கோவில் கோவிலாக வைக்கப்பட்டது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பின் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதி, கொன்று எரிக்கப்பட்ட அந்த மனிதரின் வாக்கியங்கள்தான்.

தமிழில் வேதத்தைப் பெயர்த்ததற்காக எவரையும் எரிக்கவில்லை. தமிழ் நாட்டு அரசர்களோ மடங்களோ பண்டிதர்களோ அதற்குத் தடை விதிக்கவுமில்லை. இங்கே இருந்த சிக்கல் வேறு. மேலான விஷயம் எதுவானாலும் செய்யுளில் சொல்வது அன்றைய தமிழின் வழக்கம். உரைநடை, உரையாசிரியர்களுக்கும் கடிதத்துக்கும் கணக்குக்கும் உரியதாக இருந்தது. சந்தைக்கு வருகிறவனும் கேட்டு விளங்கிக்கொள்ளும் தமிழில், ஆனால் கடவுளைப் பற்றிய புத்தகம் என்ற மதிப்புக் குறையாமல், உரைநடையில் ஒரு பெரிய நூலை எழுதுவது எப்படி? அப்படி ஒரு தமிழ் அப்போது எவர் கையிலும் தயாராக இல்லை. அதை உண்டாக்கவேண்டியிருந்தது.

தொடக்கம் லிஸ்பனில். 1554இல் அங்கே ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாகியது. மொழி தமிழ், எழுத்து ரோமன். அதைச் செய்தவர்களாக மூன்று பெயர்கள் இருக்கின்றன: வின்சென்டே த நசரேத், ஜோர்ஜே கர்வல்யோ, தோமா த குரூஸ். பெயர்கள் போர்த்துக்கேயப் பெயர்கள். ஆட்கள் ஞானஸ்நானம் பெற்று லிஸ்பனில் இருந்த தமிழர்கள். தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றின் முதற்பக்கத்தில் தமிழர் பெயர் இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஏனென்றால் அடுத்த பல பக்கங்களில் அது இருக்காது.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகியது, பதினாறு பக்கம். முத்துக்குளிப்புக் கரையில் பரதவர்களோடு வாழ்ந்து, அவர்கள் பேச்சைக் கற்ற இயேசு சபைக் குரு அன்றிக்கே அன்றிக்கஸ் அதைத் தந்தார். மன்னாரிலும் அவர் பணி செய்திருக்கிறார். அந்த நூலும் அதன் பின் வந்தவையும் மறைக்கல்வியும் புனிதர் வரலாறுமாக இருந்தன. வேதப்புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழாக்கும் வேலையைப் பின்னர் வந்த புரட்டஸ்தாந்தரே கையில் எடுத்தார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அங்கே குருவாக இருந்த பல்தேயுஸ் மத்தேயு நற்செய்தியைத் தமிழாக்கினார். அது சிறு முயற்சி. பெரிய முயற்சி தரங்கம்பாடியில் நடந்தது.

1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர். வந்த இடத்தில் அவர் செய்த முதல் நல்ல காரியம், வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, சிறு பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதியது. இரண்டே ஆண்டுகளில் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரப் பட்டியல் தயாரித்துவிட்டார். 1708 அக்டோபர் 17இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியக் கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கில் நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது.

அச்சு இயந்திரம் வந்த கதையைத் தனியாகவே ஒரு மாலை முழுவதும் பேசலாம். லண்டன் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் இயந்திரத்தையும் அச்சுக்காரர் ஒருவரையும் கப்பலேற்றினார்கள். பிரெஞ்சுக்காரர் பிரேசில் கரையில் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்டுக்கொண்டு வரும் வழியில் அச்சுக்காரர் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. அந்த எழுத்தில் அடித்தால் கையிலிருந்த காகிதம் போதாது. சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்த நிலையில், 1719இல், 36 வயதில் சீகன்பால்க் இறந்தார். மிச்சத்தைப் பெஞ்சமின் சூல்ட்ஸே முடித்தார்.

சீகன்பால்க்கின் தமிழ் அன்றைய கடற்கரைத் தமிழ். கேட்டவர்களுக்கு விளங்கியது; கற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஓலைச்சுவடிகளை அத்தனை அருமையாகக் கற்ற மனிதர், எழுதும்போது தெருவின் பக்கம் நின்றார். அதற்காக அவரைக் குறைசொன்னவர்கள் பலர். ஆனால் அவர் அப்படி நின்றதால்தான் இந்த வேலை ஓடத் தொடங்கியது என்று படுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைத் தமிழர் தாமே அதிகம் பேசாத ஒரு பெயர்: பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் கொழும்பில் பிறந்த தமிழர். ஒல்லாந்தரின் கொழும்புச் செமினரியில் படித்து, எபிரேயம், கிரேக்கம், லத்தீன் கற்று, ஒல்லாந்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற உள்நாட்டவர்களில் முன்னோடியானவர். தமிழ் இலக்கியத்திலும் அவருக்கு ஆழ்ந்த புலமை இருந்தது. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, கம்பரும் ஔவையும் இருக்கும் அந்த நூலில் தெ மெல்லோவுக்கும் இடம் கொடுத்தார். இம்ஹோஃப் ஆளுநராக இருந்த காலத்தில், 1737இல், கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகம் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த நகரத்தில் 1759இல் தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகியது.

இதை நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். 1759இல், ஒரு தமிழர், கிரேக்கம் அறிந்தவர், இந்தச் சீத்தாவக்கை ஆறு போய் விழும் களனி கடலில் கலக்கிற கொழும்பில், தம் பெயரோடு ஒரு தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தந்திருக்கிறார். வெள்ளைக்கார மிஷனரி தமிழ் கற்று எழுத, பண்டிதர் திருத்திக் கொடுத்துவிட்டு மறைந்துபோவதுதான் முன்னும் பின்னும் நடந்த முறை. தெ மெல்லோவிடம் அந்த முறை ஒருதரம் தலைகீழாயிற்று. ஆனால் ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் போனதும் அந்தத் திருச்சபை தேய்ந்தது. அதன் புத்தகமும் வாசிப்பாரின்றிப் போனது. தமிழ் நாட்டில் வேறு ஒரு புத்தகம் அப்போது மக்கள் வாயில் ஏறிக்கொண்டிருந்தது.

அது பப்ரீசியுஸின் வேதம். மிஷனரி யோகான் பிலிப் பப்ரீசியுஸ் 1740இல் தமிழ் நாட்டுக்கு வந்தார். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் இருந்தார். 1761இல் ஆங்கிலேயப் படை பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளாக வந்த அச்சு இயந்திரம் அவர் பொறுப்பில் வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1770களின் தொடக்கத்திலும், பழைய ஏற்பாடு அவர் 1791இல் இறந்தபின் 1796இலும் முழுமையாகின. கடைசிக் காலத்தில் கடனாளியாகிச் சிறையிலும் இருந்தவர். அந்த மனிதரின் வாக்கியங்களில் ஓர் ஓசை இருந்தது. வாய்விட்டு வாசிக்க வாசிக்க அது கேட்பவர் நெஞ்சில் தங்கியது. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் எழுத்தறியாத சனங்கள் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

இதன் பலத்தை அடுத்து வந்தவர் உணர்ந்தார். பாளையங்கோட்டையில் 1820 முதல் பணி செய்த மிஷனரி ரேனியுஸ், தமிழ்ப் பேச்சு மரபு தெரிந்தவர். மூலத்தின் சொல்லைவிடத் தமிழின் போக்கையே மொழிபெயர்ப்பாளர் பின்பற்றவேண்டும் என்று கட்டுரையே எழுதியவர். அவர் பப்ரீசியுஸைத் திருத்தினார். திருத்தம் நல்ல திருத்தம். ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். சரபோஜி மன்னர் அவையில் மதிப்புப் பெற்ற கவிஞர் அவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கோவில்களில் பாடுகிறார்கள். எங்கள் வேதத்தில் கைவைக்க நீ யார் என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். ஐரோப்பியர் கொண்டுவந்த புத்தகம் இரண்டு தலைமுறைக்குள் தமிழரின் சொந்தப் புத்தகமாகி, அதை ஐரோப்பியரிடமிருந்து காக்கத் தமிழர் வாதாடும் நிலை வந்துவிட்டது. இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

இப்போது யாழ்ப்பாணம். அங்கே வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பேர்சிவல், வேதம் முழுவதையும் புதிதாகத் தமிழாக்கும் பொறுப்பை 1840களில் ஏற்றார். உடன் உழைத்தவர், அவருடைய பாடசாலையில் படித்து அங்கேயே ஆசிரியரான நல்லூர் ஆறுமுகம். 1822இல் பிறந்தவர், வேலை தொடங்கியபோது இருபது வயதை ஒட்டிய இளைஞர். சைவர், கடைசிவரை சைவர். பின்னாளில் நாவலர் என்று உலகம் அறிந்தவர். ஏறத்தாழ ஏழாண்டுகள் இருவரும் ஒரே மேசையில் இருந்து வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கினார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் மழவை மகாலிங்கையரிடம் காட்டியபோது அவர் அந்த நடையைப் பாராட்டினார். 1850இல் சென்னையில் அது அச்சாகியது.

அந்த உழைப்பில் நாவலர் எதைப் பெற்றார் என்பதைப் பற்றி நிறையச் சொல்லலாம். எல்லோருக்கும் விளங்கும்படி, இலக்கணம் வழுவாமல், நிறுத்தற்குறிகளோடு நீண்ட உரைநடை எழுதும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. 1848இல் மிஷனை விட்டு வெளியேறி வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார், 1849இல் சென்னை போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார், பெரியபுராணத்தை வசனமாக்கினார். பிரசங்கம், பாடசாலை, அச்சகம் என்று மிஷனரிமார் கையாண்ட கருவிகள் அனைத்தையும் சைவத்துக்காக எடுத்துக்கொண்டார். சைவரும் கிறிஸ்தவரும் இதை ஒருவருக்கொருவர் எதிரான கதையாகச் சொல்வதுண்டு. தமிழ் உரைநடையின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பட்டறையில் உருவானவை.

பேர்சிவல் பதிப்பைத் தமிழ் நாட்டுச் சபைகள் ஏற்கவில்லை. நடை உயரம் என்றார்கள். வடமொழி அதிகம் என்றார்கள். பழைய வேதத்திலிருந்து விலகிப் போய்விட்டது என்றார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இது மனவருத்தம். புலமையை வைத்து அளந்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் திருநெல்வேலிப் பனங்காட்டில் பப்ரீசியுஸைக் கேட்டு வளர்ந்த கிழவி, தனக்கு மனப்பாடமான வசனம் புதுப் புத்தகத்தில் காணாமல் போய்விட்டது என்று சொன்னால், அதற்கும் பதில் வேண்டும். வேதம் அவளுக்குக் காதில் இருந்த புத்தகம்.

சமரசம் வந்தது. என்றி பவர் தலைமையில் பல மிஷன்களும் சேர்ந்த குழு ஒன்று, பப்ரீசியுஸை அடித்தளமாக வைத்து, மற்றப் பதிப்புகளையும் ஒப்பிட்டு, புதிய பதிப்பைத் தயாரித்தது. சென்னையில் பிறந்த பவர், முத்தையா பிள்ளை என்ற புலவரின் துணையோடு சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். அத்தனை தமிழ் அறிந்தவர் வேதத்துக்கு எளிய நடையைத் தேர்ந்தார். யாழ்ப்பாண மிஷனரிமாரும் கடைசியில் இணங்கினார்கள். 1871இல் முழு வேதாகமம் ஐக்கியப் பதிப்பாக வந்தது. இன்று மலையகத்தில் கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுவே. யாழ்ப்பாணம் முற்றிலும் தோற்றுவிடவுமில்லை. பப்ரீசியுஸ் கடவுளைப் பராபரன் என்று அழைத்தார். பேர்சிவலும் நாவலரும் தேவன் என்றார்கள். ஐக்கியப் பதிப்பு தேவனையே வைத்துக்கொண்டது. தள்ளிவைக்கப்பட்ட புத்தகத்தின் அந்த ஒரு சொல், இன்று ஞாயிறுதோறும் லட்சக்கணக்கானவர் வாயில் இருக்கிறது.

பக்கத்து மொழியிலும் இதேபோன்ற சண்டை நடந்தது. கோட்டேயில் இருந்த மிஷனரி சாமுவேல் லாம்ப்ரிக், சிங்கள வேதத்தில் மரியாதைச் சொற்களைக் குறைத்து, பேச்சு வழக்குக்கு நெருங்கிய நடையில் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். சிங்களச் சபைகளில் அது பல ஆண்டு கசப்பை உண்டாக்கியது. யாருக்கு எந்த மரியாதையில் பேசுவது என்பது நம் இரு சமூகங்களிலும் சாதாரணக் கேள்வி இல்லை.

இந்த வேதம் தோட்டங்களுக்கு எப்படி வந்தது? கோப்பிக் காலத்தில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று பல சீமைகளிலிருந்து சனங்கள் வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் முனியாண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். திருநெல்வேலியில் இருந்து வந்த சிலர் கிறிஸ்தவர்கள். 1850களின் நடுவில் தோட்டத்துரைமார் சிலரின் ஆதரவோடு, கண்டியை மையமாக வைத்து, சேர்ச் மிஷன் சங்கத்தார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் ஒரு பணியைத் தொடங்கினார்கள். மக்களை அந்தக் காலம் எந்தக் கண்ணால் பார்த்தது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பணிக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள்.

உபதேசியார் சாதாரண மனிதர். தோட்டம் தோட்டமாக நடந்து போவார். வேலை முடிந்து சனங்கள் லயத்துக்குத் திரும்பும் பொழுதுக்கு வந்து சேர்வார். லாந்தர் வெளிச்சத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பார், பாட்டு ஒன்று சொல்லிக்கொடுப்பார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்குச் சட்டப்படி ஏதாவது செய்யவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது 1907இல்தான். அதற்கு முன்பு பல தோட்டங்களில் எழுத்தைக் கொண்டுவந்தவர்கள், உபதேசியாரும் கோவில் பூசாரியும் கங்காணி வைத்த திண்ணை வாத்தியாருமே. அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் காமன் கூத்தும் காதால் கற்றுக் காதால் கைமாறிய சனங்கள் நம் சனங்கள். விடிய விடிய ஒரு கதையைக் கேட்டு, ஓர் அடி தவறினால் இடையில் நிறுத்தித் திருத்தக்கூடிய செவி அவர்களுக்கு இருந்தது. அந்தச் செவிக்கு முன் வாசிக்கப்படும் புத்தகத்தில் ஓசை இருந்தே தீரவேண்டும். பப்ரீசியுஸிடமிருந்து ஐக்கியப் பதிப்புக்கு வந்த ஓசை அங்கே கைகொடுத்தது.

ஆனால் ஐக்கியப் பதிப்பில் ஒரு காயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது சரியாகாது.

அந்தப் பதிப்பில் இயேசு 'அவர்'. மற்றவர்கள் பெரும்பாலும் 'அவன்', 'அவள்'. பேதுருவும் அவன், பவுலும் அவன். வழியோரம் பிச்சை எடுத்த பர்திமேயுவும் அவன். கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண் அவள். 1871இல் தமிழில் அப்படி எழுதுவது வழக்கம் என்று பதில் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வழக்கம் யாரைத் தொட்டது? தோட்டத்தில் வயதுக்கு மூத்தவரையும் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டார்கள். பிரட்டுக் களத்தில் 'அவனை வரச்சொல்' என்ற குரல்தான் கேட்டது. அந்தக் குரலைப் பகல் முழுவதும் கேட்டவர், இரவில் வேதத்தைத் திறந்தபோதும் ஏழைக்கு அதே ஒருமைதான் இருந்தது.

1995இல் திண்டிவனத்திலிருந்து வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இதை மாற்றியது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த அந்தப் பதிப்பில் தேவன் கடவுளானார். அது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதைவிடப் பெரிய மாற்றம், பார்வையற்றவரும் தொழுநோயாளரும் சமாரியப் பெண்ணும் 'அவர்' ஆனது. திராட்சைத் தோட்டக் கதையின் காரியக்காரனும் மேற்பார்வையாளர் ஆனார். ஓசையைப் பொறுத்தவரை பழைய பதிப்பே செவிக்கு இனியது என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மரியாதையைப் பொறுத்தவரை 1995இன் பக்கம்தான் நிற்கவேண்டியிருக்கிறது. தோட்டத்தில் பிறந்த ஒருவருக்கு 'அவர்' என்ற சொல், இலக்கணப் புத்தகத்தில் கிடக்கும் விஷயம் இல்லை. அதற்காகத் தொழிற்சங்க மேடைகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

இனி ஒரு வேண்டுகோள். சீகன்பால்க்குக்கு அட்சரம் எழுதப் பழக்கிய அந்த முதியவர், பப்ரீசியுஸின் வாக்கியங்களை ஓசை பார்த்துக் கொடுத்த தமிழர்கள், மலையேறி வந்த உபதேசியார்கள் ஆகியோரில் பலருடைய பெயரும் ஊரும் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டன. ஆனால் தோட்டத்துக்கு வந்த கடைசித் தலைமுறை உபதேசியார்கள் பற்றிய தடயம் இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. பழைய குடும்ப வேதாகமங்களின் முன்பக்கத் தாளில் பிறப்பும் இறப்பும் திருமணமும் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்த தோட்டம், டிவிஷன், ஞானஸ்நானம் கொடுத்தவர், சில சமயம் புறப்பட்டு வந்த இந்திய ஊரின் பெயர்கூட அதில் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழுக்கும் குடியுரிமைக்கும் அலைந்த சமூகத்துக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய ஆவணம் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

பெட்டிக்குள் கிடக்கும் அத்தகைய புத்தகத்தைக் கறையான் தின்னவோ, தாள் உதிர்ந்துவிட்டது என்று எரிக்கவோ விடவேண்டாம். முன்பக்கங்களையும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளையும் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுக்கலாம். எந்தத் தோட்டம், யாருடைய குடும்பம், எத்தனை தலைமுறை என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி, படத்தோடு சேர்த்து வைக்கலாம். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தாருக்கு அனுப்பலாம். சைவக் குடும்பங்களில் இருக்கும் கோவில் திருவிழாக் கணக்குக் கொப்பிகளுக்கும் காமன் கூத்து வாத்தியார்களின் கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்களுக்கும் இதையே செய்யவேண்டும். நூரியிலோ மாலிபொடையிலோ தெஹியோவிட்டைப் பக்கத்திலோ அப்படி ஒரு புத்தகம் உள்ள வீடு தெரிந்தவர்கள், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு இந்த வாரமே வேலையைத் தொடங்கலாம்.